முனிக்கு உயிர்ப்புள்ளி இல்லை

மகன் நீட்டிய புத்தகத்தில் புலித்தலையோடு ஒருவன் பட்டாடை உடுத்தி நின்றான். உள்ளங்கைகள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தன. ராட்சசனாம். "அப்பா, ராவணன் இப்பிடியே இருந்தவன்?" என்று கேட்டான். அவனுக்குப் பதினான்கு வயது. வெள்ளி பின்னேரங்களில் எங்கள் ஸ்காபரோ வீட்டு பேஸ்மென்டில் நாலு கூட்டாளிகளோடு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறவன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு அது. ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். துணிந்த காரியம் பலித்ததா என்பதை இருபது முகத் தாயக்கட்டை சொல்லும். 1977இல் வந்த அதன் பூதப் புத்தகத்திலேயே ராட்சசன் புலித்தலையோடு ஏறிவிட்டான்.

மகனை இருத்திவைத்துக் கன்னியாவைப் பற்றிச் சொன்னேன். திருகோணமலைக்குப் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தாய் செத்துப்போனாள் என்று கேட்ட ராவணன், அவளுக்குக் கடன் கழிக்கத் தண்ணீர் வேண்டி நிலத்தில் ஏழிடத்தில் குத்தினான் என்பது அங்கத்தைக் கதை. மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவனைக் கொல்ல ஏலாதே" என்றான். அன்றிரவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எங்களுக்கென்று ஓர் உலகத்தைக் கீறத் தொடங்கினோம். கடல், களப்பு, பனங்கூடல், வன்னிக் காடு.

முதலில் பிழைவிட்டது நான்தான். முனி, கொத்தி, கொள்ளிவாய்ப் பேய் என்று பட்டியல் போட்டு, விளையாட்டின் விதிப்படி ஒவ்வொன்றுக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று எழுதினேன். அடிபட அடிபட அது குறையும், பூச்சியமானால் சாவு. புளியமரத்தடியில் முனியைக் கண்ட பெடியள் பத்தே நிமிடத்தில் அதை வெட்டிச் சாய்த்துவிட்டு, மரத்தடியில் புதையல் தேடினார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. என் அம்மம்மா அப்படியொரு மரத்தைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார். முனி எல்லையில் நிற்கும் காவல். அதற்குச் சேர வேண்டியதைக் கொடுக்க மறந்தால்தான் கோபம். பேறுகாலத்தில் சனம் அஞ்சிக் கலைத்த கொத்தியைக்கூடக் கொத்தியாத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். பேய்க்கும் முறை வைத்த சனம் நாங்கள்.

உயிர்ப்புள்ளியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் 'கடன்' என்று எழுதினேன். இதற்கு யார் என்ன கொடுக்க வேண்டும், எப்போது மறந்தார்கள், இன்னும் எவ்வளவு காலம் பொறுக்கும்? இதை விளக்க மிகவும் பாடுபடுவேன் என்று நினைத்திருந்தேன். கூட விளையாடும் பிலிப்பைன்ஸ் பிள்ளை உடனே பிடித்துக்கொண்டான். அவனுடைய அம்மம்மா மண்புற்றைக் கடக்கும்போது, "தாபி தாபி போ" என்று உள்ளே குடியிருக்கும் கிழவரிடம் வழி கேட்டுத்தான் போவாராம். அதற்குப் பிறகு எங்கள் புளியமரத்தடியில் ஒருவரும் வாள் உருவவில்லை.

தாயக்கட்டையையும் மாற்றினோம். என் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஆறு சோகிகள் இருந்தன. இருபது முகக் கட்டையில் எல்லா எண்ணும் ஒரே அளவுக்கு விழும். சோகி அப்படியில்லை. ஒவ்வொன்றும் மல்லாக்கவோ குப்புறவோ விழச் சரிபாதி வாய்ப்பு என்று கொண்டால், ஆறும் மல்லாக்க விழ 64இல் ஒரு தரந்தான். பெரும்பாலும் இரண்டு, மூன்று, நாலு. அற்புதம் அருமையாக நடக்கும் அந்த உலகத்துக்கு இதுதான் பொருந்தியது.

அம்மா முள்ளியவளைக்காரி. விளையாட்டில் பெடியளைக் கடல் தண்ணீர் கொண்டுவர அனுப்பப் போகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது. அது அவர் கண்ட சடங்கு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்காகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். "அம்மாளாச்சியை வைச்சோ விளையாடுறியள்?" என்றார். "கோவலன் கூத்தில வேசம் கட்டினதும் ஊர்ப் பெடியள்தானேயம்மா" என்றேன். அம்மா யோசித்தார். "அப்ப கால் கழுவிப்போட்டு இருங்கோ." அடுத்த வெள்ளி ஐந்து பெடியளும் கால் கழுவிவிட்டு வந்து இருந்தார்கள். அம்மா பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்துகொண்டார்.

கொல்ல ஒன்றுமில்லாத பயணம் அது. குடத்தைச் சுமப்பவன் மேசையில் வாய் திறக்கக் கூடாது என்று நான் ஒரு விதி வைத்தேன். யானைக்கு வழிவிட்டார்கள். தாகத்தில் குடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். மூன்று வெள்ளிக்கிழமை போனது. நான் இவ்வளவு நாளும் நந்திக்கடலை மட்டும் கீறாமல் விட்டிருந்தேன். வற்றாப்பளை அம்மன் இருப்பது அந்தக் களப்பின் கரையில். 2009 மே மாதம் போர் முடிந்ததும் அந்தக் களப்போரந்தான். அங்கே எங்கள் ஆட்களும் இருந்தார்கள். அந்த இடத்தில் வரைபடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

குடத்தோடு அந்த வெள்ளைக்குக் கிட்ட வந்ததும் பெடியள் நின்றார்கள். பென்சிலை எடுத்துக் கரையைக் கீறினேன். தண்ணீர் என்று மட்டும் சொன்னேன். பிலிப்பைன்ஸ் பிள்ளை சோகிகளைக் கையில் வைத்தபடி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். மகன் படியைப் பார்த்துத் திரும்பினான்.

"அப்பம்மா, இந்த இடத்தில ஆருக்குக் கடன் எண்டு கேக்கிறான்."

அம்மா முதலில் தன் தம்பியின் பெயரைச் சொன்னார். பிறகு தம்பியின் பிள்ளைகள் இருவர். பிறகு பக்கத்து வளவுக்காரர். மகன் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனான். இடம் போதாமல் தாளைப் பின்பக்கம் திருப்பினான்.