ஒன்றரைச் சாண்

புரை ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான். வலிக்குமா, லென்ஸ் எத்தனை வருஷம் தாங்கும்? மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்கிறோம். லென்ஸ் ஆயுசுக்கும் இருக்கும். நான் அவர்களிடம் கேட்பது ஒன்று. கையை எவ்வளவு தூரத்தில் வைத்து வேலை செய்வீர்கள்?

இதைக் கேட்க வைத்தவர் ஒரு பத்தர். சின்ன வயதிலிருந்தே அவருக்கு மைனஸ் 3. தெருவில் இறங்கினால் கண்ணாடி போடுவார், பட்டறையில் உட்கார்ந்தால் கழற்றிவிடுவார். மைனஸ் 3 உள்ள கண், கண்ணாடி இல்லாமல் 33 சென்டிமீட்டரில் கூர்மையாகப் பார்க்கும். ஒன்றரைச் சாண். மூக்குத்தியில் கல் பதிக்க அவருக்கு வேண்டிய தூரமும் அதுவே. நானோ எல்லோருக்கும் செய்வதுபோலத் தூரப் பார்வைக்குக் கணக்குப் போட்டு வலக் கண்ணில் லென்ஸ் வைத்தேன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அட்டையின் கடைசி வரிவரை படித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தார்.

“கோபுரம் நல்லாத் தெரியுது டாக்டரம்மா. கைதான் தெரியலை.”

பக்கத்துப் பார்வைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஐம்பது வருஷம் வெறுங்கண்ணால் நகை பார்த்தவருக்கு, ஊது குழலை வாயில் வைத்துக்கொண்டு மூக்கில் கண்ணாடியும் வழுக்கினால் எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறவி லென்ஸ் இளமையில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தானே வளைந்து கொடுக்கும். நாங்கள் வைக்கும் சாதாரண லென்ஸுக்கு ஒரே தூரம்தான். அந்தத் தூரத்தை முடிவு செய்யக் கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் தெரிய வேண்டும். நான் படித்த காலத்தில் எஸ்.ஆர்.கே. சூத்திரத்தைக் காகிதத்திலேயே போடுவோம். லென்ஸுக்கென்று ஒரு மாறிலி, 118.4 என்று வையுங்கள். நீளம் 23.5 மில்லிமீட்டர் என்றால் அதை 2.5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். வளைவு 44 டயாப்டர் என்றால் 0.9-ஆல் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 20.05. பெட்டியிலிருந்து 20 பவர் லென்ஸை எடுப்போம். இன்றைய சூத்திரங்கள் இதைவிட நுட்பமானவை, கணக்கைக் கருவியே போட்டுவிடுகிறது. ஆனாலும் இந்தப் பழைய கழித்தலை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன், என்னிடம் பயில வருகிறவர்களை. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரை பிசகும் என்பது அப்போதுதான் விரலுக்குப் புரியும்.

எனக்குப் புரிந்தது ஒரு கொத்தனாரின் கண்ணில். ஏ-ஸ்கேன் என்பது பேனா போன்ற ஒரு முனையைக் கருவிழியில் வைத்து, ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு நீளம் அளப்பது. தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அன்று முகாம் கூட்டம். கை கனத்துவிட்டது. கண் அரை மில்லிமீட்டர் உள்வாங்கியதும் கருவி அந்தக் குட்டைக் கண்ணையே உண்மை என்று எழுதிக்கொண்டது. குட்டைக் கண்ணுக்குக் கூடுதல் பவர் வேண்டுமே. வைத்தேன். ஆபரேஷன் அழகாக முடிந்தது. மனிதருக்கு மைனஸ் 1.25. “பஸ்ஸு பக்கத்துல வந்தாத்தான் போர்டு தெரியுது” என்றார், குறையாகச் சொல்லாமல், தகவலாக. அதன் பிறகு கண்மேல் சிறு கிண்ணம் வைத்து, உப்புநீர் நிரப்பி, கருவிழியைத் தொடாமலே அளக்கும் முறைக்கு மாறினேன். இப்போது ஒளியால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன, அவை தொடுவதே இல்லை. ஆனால் நம் ஊரில் நெல்லிக்காய்போல முத்திய புரையோடு வருவார்கள். அதற்குள் ஒளி நுழையாது. மறுபடி கிண்ணம்தான்.

ஆறுதல் வேண்டும்போது ஹரால்ட் ரிட்லியை நினைத்துக்கொள்வேன். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகளைக் கண் வீக்கம் காட்டாமல் பொறுத்துக்கொண்டதைக் கவனித்தவர். அந்த பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்வித்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண் ஒருவருக்குப் பொருத்தினார். பிறவி லென்ஸின் வடிவத்தைப் பார்த்து அப்படியே செய்த லென்ஸ் அது. பெர்ஸ்பெக்ஸ் பிறவி லென்ஸைவிட ஒளியை அதிகம் வளைக்கும் என்பது கணக்கில் விடுபட்டுப் போயிற்று. விளைவு மைனஸ் 18. உலகின் முதல் லென்ஸ் தவறியதும் பவரில்தான்! சக மருத்துவர்கள் பல வருஷம் அவரை ஏளனம் செய்தார்கள். வயதான பின் அவரே அதே மருத்துவமனையில் இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார்.

லென்ஸ் இல்லாமலே புரையை எடுத்துவிட்ட காலமும் உண்டு. எங்கள் பாட்டி சோடாபுட்டிக் கண்ணாடி போட்டது அதனால்தான். அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, இங்கேயே லென்ஸ் செய்து விலையை இறக்கிய பிறகுதான் முகாமுக்கு வரும் ஏழைக்கும் உள்ளே லென்ஸ் என்பது நடப்பாயிற்று.

லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆறு மில்லிமீட்டர் வட்டம், இரு பக்கமும் வளைந்த மெல்லிய கைகள், கைநுனிக்குக் கைநுனி 13 மில்லிமீட்டர். எனக்குப் பிடித்தது அதன் விளிம்பு. உருண்டையாக இல்லாமல் சதுரமாக வெட்டியிருப்பார்கள். புரையை எடுத்த பிறகும் பையின் ஓரத்தில் தங்கிவிடும் உயிரணுக்கள் லென்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து பார்வையை மறைக்கப் பார்க்கும். அந்தக் கூரான விளிம்பு வரப்புபோல நின்று அவற்றைத் தடுக்கும். வரப்பையும் தாண்டுபவை உண்டு, அதற்கு லேசர் இருக்கிறது.

பை என்றேனே, புரை இருந்த உறைதான் அது. பின்சுவர் மெலிந்த இடத்தில் 4 மைக்ரான்தான், ஒரு ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவில் பாதி. ஜெல் நிரப்பிப் பையை உப்பவைத்து, இரண்டரை மில்லிமீட்டர் வாசல் வழியே சுருட்டிய லென்ஸை உள்ளே தள்ளுவேன். லென்ஸின் முன்கை பைக்குள் போகும். பிறகு வேகம் கூடாது. வெற்றிலைச் சுருள் பிரிவதுபோல லென்ஸ் தானே விரியும், காத்திருக்க வேண்டும். கைகள் எஸ் எழுத்துப்போலத் தெரிந்தால் தலைகீழாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கைகள் சாய்த்து வைக்கப்பட்ட லென்ஸ் அப்படியே இருந்துவிட்டால் வட்டம் முன்னால் தள்ளி நின்று, போட்ட கணக்கெல்லாம் மைனஸ் பக்கம் சாயும். சரியாக இருந்தால் பின்கையைக் கொக்கியால் மெல்லச் சுழற்றி உள்ளே விட்டு, லென்ஸுக்குப் பின்னால் தங்கிய ஜெல்லையும் உறிஞ்சி எடுப்பேன். அதை விட்டுவைத்தால் ராத்திரி அழுத்தம் ஏறிக் கண் வலிக்கும்.

பல தூரம் காட்டும் லென்ஸ் வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கிறேன், எல்லோருக்கும் இல்லை. அது ஒளியைப் பங்கு போடுகிறது. இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். ராத்திரி லாரி ஓட்டுகிறவருக்கு அதை வைக்க எனக்கு மனம் வராது.

பத்தர் இரண்டு வருஷம் கழித்து இடக் கண்ணில் புரையோடு வந்தார். “இந்தக் கண்ணையாவது பட்டறைக்கு விட்டுடுங்கம்மா” என்றார். மைனஸ் இரண்டரைக்குக் கணக்குப் போட்டேன். ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு என்றால் சிலருக்குத் தலை சுற்றும் என்றும் சொன்னேன். “எனக்குச் சுத்தினா நான் பாத்துக்கறேன்.”

ஒரு மாதம் கழித்துச் சோதிக்க வந்தவர், அட்டையைப் படிக்கச் சொன்னதற்குச் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஏழு கல் மூக்குத்தி. மார்புக்கு நேராக ஏந்தி, பழக்கத்தில் வலக் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு கல்லை நகத்தால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.