சக்கரத்தின் குடம்

மாட்டு வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர் குடத்தில்தான் தம்முடைய முழுக் கவனத்தையும் செலுத்துவார். ஆரக்கால்களும் வட்டையும் எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், குடம் பழுதாயிருந்தால் வண்டி நொண்டத்தான் செய்யும். ஆகாய விமானக் கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் இந்தக் குடத்தைப் பற்றிய கவலை உண்டு என்பதை என் தமக்கை மகனிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

பையன் பத்தாம் வகுப்பு வாசிக்கிறான். கைபேசியில் ஒரு விளையாட்டு. அதில் அவன் விமானக் கம்பெனிக்கு முதலாளி! கொஞ்சம் மூலதனம், இரண்டு விமானங்கள், விரித்து வைத்த உலகப் படம். எடுத்த எடுப்பிலேயே கேள்வி: எந்த ஊரை மத்திய ஸ்தானமாக வைத்துக்கொள்வது? அங்கிருந்துதான் விமானங்கள் நாலா திசைக்கும் கிளம்ப வேண்டும். அங்கேயேதான் திரும்பி வந்து கூட வேண்டும்.

"மாமா, ஓசூரைப் போடலாம் என்று பார்த்தால் பட்டியலிலேயே காணோமே!" என்று முறையிட்டான். காலாண்டுப் பரீட்சை விடைத்தாள் கட்டை ஒரு புறம் ஒதுக்கி வைத்தேன். அவற்றில் இருந்த கணக்குகளைவிட இது சுவாரஸ்யமாகத் தோன்றியது.

பத்து ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க வேண்டுமானால் 45 மார்க்கங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றைக் குடமாக்கி, மற்றவர்களெல்லாம் அங்கே இறங்கி மாறட்டும் என்று வைத்துவிட்டால் 9 மார்க்கங்கள் போதும். சாமர்த்தியமெல்லாம் இவ்வளவுதான். நம் தேசத்தில் இதை 1949-ஆம் வருஷம் ஜனவரி மாதத்திலேயே செய்து காட்டினார்கள். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் தபால் விமானங்கள் கிளம்பும். நடுநிசியில் நாலும் நாகபுரியில் சந்திக்கும். அங்கே பைகளை மாற்றிக்கொண்டு, பொழுது விடிவதற்குள் அவரவர் ஊர் போய்ச் சேரும். மாலையில் சென்னையில் போட்ட கடிதம் மறுநாள் டில்லியில் கிடைத்தது. நாகபுரிக்கு இந்தப் பெருமை எப்படி வந்தது? தேசப் படத்தின் நடுவில் இருந்ததுதான் அதன் யோக்கியதாம்சம்.

அதற்கும் முன்னால், 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தாரல்லவா? பம்பாயிலிருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் என்பவர் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அந்த நாளையச் சின்ன விமானத்துக்கு வழியில் ஓர் இளைப்பாறும் இடம் அவசியமாயிருந்தது. பிற்பாடு வந்த பெரிய விமானங்களுக்குப் பல்லாரியும் வேண்டியிருக்கவில்லை, நடுநிசி நாகபுரியும் வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தார் 1992-ல் பிரம்மாண்டமான நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். அதைக் குடமாக வைத்திருந்த கம்பெனி 2004-ல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. கட்டடம் மட்டும் அகலமாய் நின்றது. வழிப்போக்கரை மட்டும் நம்பிச் சத்திரம் கட்டினால் பாதை மாறியதும் அடுப்பு அணைந்துவிடும். ஊராரே ஏறி இறங்குகிற ஊராக இருந்தால் அந்தப் பயமில்லை.

ஆகவே, "நடுவில் இருக்கிறதா என்று பார்க்காதே, அந்த ஊர்க்காரர்களுக்கே பிரயாணம் உண்டா என்று பார்" என்று பையனுக்குச் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஓசூரைப் பற்றிய அவனுடைய முறையீடு என்னை உறுத்த ஆரம்பித்தது. ஏனென்றால் இந்தப் பரீட்சையில் ஓசூர் நன்றாகவே தேறும். மோட்டார் வண்டி, கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. இங்கே விளையும் ரோஜாப்பூ கடல் கடந்து போகிறது. ஆனால் போகிற வழி? பங்களூர் நகரம் முழுவதையும் கடந்து, அதன் வட கோடியில் தேவனஹள்ளிக்குப் போக வேண்டும். எங்கள் தெருப் பிள்ளை ஒருவன் வளைகுடா நாட்டுக்குப் புறப்படுகிற தினத்தில், விமானத்தில் இருக்கப் போகிற நேரத்தைவிடச் சாலையில் இருக்கப் போகிற நேரத்தைக் குறித்துத்தான் வீட்டார் விசாரப்படுகிறார்கள்.

விமானம் இறங்க இடமே இல்லையென்றும் சொல்ல முடியாது. ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுபாதை ஒன்று உண்டு. தடை எழுத்தில் இருக்கிறது. 2004-ல் பங்களூர் விமான நிலையத்தாரோடு மத்திய சர்க்கார் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலையம் திறந்து 25 வருஷம் ஆகும் வரையில் 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள், மைசூரும் ஹாசனும் நீங்கலாக, வேறு புது நிலையம் கூடாது என்பது அதில் ஒரு ஷரத்து. நிலையம் திறந்தது 2008 மே மாதம். ஆகக் கெடு 2033. தேசப் படத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மட்டுமல்ல, தர்மபுரிகூட உள்ளே மாட்டிக்கொண்டது. சேலம் மயிரிழையில் தப்பியிருக்கிறது! பெரும் பணம் போடுகிறவன் பக்கத்தில் இன்னொரு கடை கூடாதென்று கேட்பது வியாபார தர்மம்தான். ஆனால் வட்டத்துக்குள் குடியிருப்பவர்கள் அந்தப் பேச்சில் எந்தப் பக்கமும் உட்காரவில்லை.

எங்கள் ராயக்கோட்டைக்கு இது புதிதல்ல. மலை மேலிருக்கும் கோட்டையை 1791-ல் ஆங்கிலேயர் திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்தார்கள். ஊரின் அழகுக்காகவா? பாராமகாலிலிருந்து மைசூர்ச் சீமைக்கு ஏறும் கணவாய் வழி இதன் காலடியில் இருந்தது. சேனைக்குத் தானியம் அவ்வழியே போக வேண்டியிருந்தது. அப்போதும் எங்கேயோ உட்கார்ந்து படத்தின் மேல் விரல் வைத்தவர்கள்தான் தீர்மானித்தார்கள்.

2024 ஜூன் 27-ஆம் தேதி தமிழ்நாடு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டசபையில் ஓர் அறிவிப்புச் செய்தார். ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பிரயாணிகளைக் கையாளும் நிலையம் அமையும் என்றார். சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஷரத்தின் கெடு ஒருபுறம் இருக்க, பங்களூர் எச்.ஏ.எல். விமானத்தளம் சமீபத்தில் இருப்பதால் ஆகாயத்துக்கும் பாதுகாப்பு இலாகாவின் இசைவு வேண்டும். அதெல்லாம் சர்க்காருக்குள் பேசித் தீர்க்கக் கூடியவை.

2,000 ஏக்கர் அப்படியல்ல. சென்னைக்கு இரண்டாவது நிலையம் பரந்தூரில் என்று 2022-ல் அறிவித்தவுடனே ஏகனாபுரத்து ஜனங்கள் கிளர்ச்சி தொடங்கினார்கள். இங்கே அந்த நிலை வர வேண்டிய அவசியமில்லை. எந்தெந்த சர்வே எண், ஏக்கருக்கு என்ன தொகை, மாற்று நிலம் எங்கே என்பதைக் கிராமச் சாவடியில் எழுதி ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு பேச உட்காரலாமே?

என்னிடம் படிக்கும் ஒரு மாணவியின் தகப்பனார் பாகலூர்ப் பக்கத்தில் அரை ஏக்கரில் ரோஜா போட்டிருக்கிறார். கட்டணம் செலுத்த வந்தவரிடம் இந்தச் சமாசாரத்தைப் பிரஸ்தாபித்தேன். "வரட்டும் சார், பூவை ஏற்றிவிட எனக்கும் சௌகரியம்தான்" என்றார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஆனால் தோட்டத்து மேலேயே இறக்கிவிட்டார்களானால், ஏற்றுவதற்கு என்ன சார் இருக்கும்?" என்று கேட்டார்.