சொல்லாமல் அணையும் பெட்டி

கணினி பழுதாவது ஒருவகைத் துன்பம். பழுதாகாமலே அணைவது இன்னொருவகைத் துன்பம். முன்னதில் ஏதேனும் கருகி மணத்திருக்கும். திரை நீலமாகி ஓர் எண்ணையாவது காட்டியிருக்கும். பின்னதில் ஒன்றும் இராது. விளையாட்டின் நடுவே, யாரோ சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டியதுபோல எல்லாம் இருண்டுவிடும். பொத்தானை அழுத்தினால் நல்ல பிள்ளையாக மீண்டும் எழுந்து நிற்கும். கடலூரில், தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத எங்கள் வீட்டில், அண்ணனும் தம்பியுமாக நாங்கள் கோத்துப் பூட்டிய கணினி இரண்டு மாதங்கள் இப்படித்தான் நடந்துகொண்டது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து சேர்த்த பெட்டி அது. அதில் எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பதும் எங்களுக்கு மனவருத்தமாகவே இருந்தது.

விண்டோஸ் தனக்கு நேர்வதையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அணைந்த ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து பார்த்தோம். 'கெர்னல்-பவர் 41' என்ற ஒரே வரிதான் இருந்தது. கணினி முறைப்படி மூடப்படாமல் மீண்டும் தொடங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். விழுந்தவனைப் பார்த்து 'நீ விழுந்தாய்' என்று சொல்வது போன்ற செய்தி. திரையை விலக்கினால் உள்ளே வெறும் வெளி. சிதம்பர ரகசியம் என்று ஊரார் சொல்வார்களே, அதுதான். ஆனால் அந்த வெறுமையிலும் ஒரு தகவல் உண்டு. எழுதி வைக்க நேரம் கிடைக்கவில்லை என்றால், மென்பொருள் தடுமாறவில்லை, மின்சாரமே அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

எனவே ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தோம். முதலில் வெப்பம். விளையாடும்போது பிராசசரின் வெப்பநிலையைக் குறித்துவைத்தோம். 75 பாகையைத் தாண்டவில்லை. மேலும், சூடேறும் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோதுதான் அணையும். அடுத்து ராம். ஓர் இரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓடவிட்டோம்; ஒரு பிழையும் இல்லை. முகப்புப் பொத்தானின் கம்பி எங்காவது உரசுகிறதோ என்று அதைக் கழற்றிவிட்டும் பார்த்தோம். அப்போதும் அணைந்தது.

எஞ்சியது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. 2000களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகளையும் மின்வழங்கிகளையும் அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும்: தரமற்ற மின்பகுதிரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகெங்கும் தலை வீங்கி வெடித்த காலம் அது. எங்கள் பெட்டியின் மதர்போர்டில் வீக்கம் எதுவும் தெரியவில்லை. ஆனால் கேபினெட்டின் திருகுகளில் துரு ஏறியிருந்தது. உப்புக்காற்று கண்ணுக்குத் தெரிந்த திருகை இப்படித் தின்றிருந்தால், தெரியாத இடங்களை என்ன செய்திருக்கும் என்ற ஐயம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

சிதம்பரத்தில் மேலவீதியை ஒட்டிக் குடியிருக்கும் நண்பரிடம் உதிரி மின்வழங்கி ஒன்று இருந்தது. கிராபிக்ஸ் கார்டைத் தனியே கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, கேபினெட்டை மடியில் வைத்துப் பேருந்தில் போனோம். மாற்றுவதற்கு முன் பழைய மின்வழங்கியோடே ஓடவிடலாம் என்றார் நண்பர். ஓடியது. அன்று மட்டுமன்று, அங்கேயே விட்டுவந்த பன்னிரண்டு நாட்களும், அவர் வீட்டுப் பிள்ளைகள் மணிக்கணக்காக விளையாடியும், ஒருமுறைகூட அணையவில்லை. ஊர் திரும்பும்போது உதிரி மின்வழங்கியையும் இரவல் வாங்கிவந்து பொருத்தினோம். கடலூரில் மூன்றாம் நாள் மாலை மீண்டும் இருண்டது.

கணினிக்குள் தேட வேண்டியது இனி இல்லை என்பது அப்போது தெளிவாயிற்று. ஒரு நோட்டுப்புத்தகத்தில் நாள், நேரம், அந்த வேளையில் வீட்டில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் எழுதத் தொடங்கினோம். ஆறாவது பதிவில் விடை தலைகாட்டியது. ஒவ்வொரு முறையும், கணினி அணைவதற்குச் சற்று முன்னர், அதே சுவருக்கு மறுபுறம் உள்ள ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் 'ம்ம்' என்று எழுந்திருக்கிறது. கம்ப்ரசர் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதே நேரம் விளையாட்டில் கடுமையான காட்சி வந்து கிராபிக்ஸ் கார்டும் தன் பங்கைக் கேட்டால்தான் விபரீதம். இரண்டும் சேர்வது தற்செயல். ஆகவேதான் அணைவதும் தற்செயல்போலத் தோன்றியது.

நம் வீட்டு மின்சாரத்தின் ஓர் அலை 20 மில்லிநொடி நீளமுடையது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் தடைபட்டால், முழுச்சுமையில் இருக்கும் கணினி மின்வழங்கி ஏறத்தாழ 16, 17 மில்லிநொடி தாக்குப்பிடித்தாலே போதும் என்பதுதான் பொதுவான அளவுகோல். ஓர் அலைகூட இல்லை. மின்விசிறி சுழன்ற வேகத்திலேயே அந்த இடைவெளியைக் கடந்துவிடும். விளக்கு சிமிட்டினாலும் கண் கவனியாது. வீட்டிலுள்ள பொருட்களிலேயே மிகக் குறைந்த பொறுமை கணினிக்குத்தான்.

மல்டிமீட்டரை எடுத்தோம். முன்னறையில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டியைச் செருகியபோது மின்னழுத்தம் 2 வோல்ட் மட்டுமே இறங்கியது. கணினி அறையில் அதே பெட்டி 14 வோல்ட் இறக்கியது. 12 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. இஸ்திரிப்பெட்டி இழுப்பது நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கிப் பார்த்தபோது எங்களுக்கு விளையாட்டு மறந்துபோயிற்று: சுவருக்குள் எங்கோ ஓரிடத்தில் ஏறத்தாழ 50 வாட் வெப்பமாகிக்கொண்டிருந்தது. ஒரு பழைய குண்டுபல்பைச் சுவருக்குள் வைத்துப் பூசியதற்குச் சமம்.

மறுநாள் வந்த எலக்ட்ரீசியன் அண்ணனிடம் கணக்கைச் சொன்னோம். அவர் முழுவதும் கேட்கவில்லை. "தம்பி, மொதல்ல மெயினை எறக்குங்க" என்றார். அம்மாவின் கட்டிலுக்கு மேலிருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். பழைய அலுமினியக் கம்பியோடு புதிய செம்புக் கம்பியை முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இக்கரையைக் கடந்தபோது அந்த அறையின் ஓடுகள் பறந்து சுவர் நனைந்தது; பிறகு மராமத்து பார்த்தவர்கள் விட்டுச்சென்ற வேலை. அலுமினியமும் செம்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும்; உப்பு இருந்தால் விரைவாக அரிக்கும். அரித்த இணைப்பு சூடாகும். சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, மேலும் தளரும். நியூட்ரல் கம்பியின் நாடா உருகி ஒழுகியிருந்தது. பின்னாலிருந்த மரப்பலகை கறுத்திருந்தது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்டோம். அது மிகுதியான மின்னோட்டத்தைத்தான் அறியும். இங்கே மின்னோட்டம் மிகவில்லை. ஈ.எல்.சி.பி. கசிவைத்தான் அறியும், இங்கே கசிவும் இல்லை. இரண்டு காவலர்களும் தம் கடமையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வைக்கு அப்பாற்பட்ட குற்றம் இது.

கடற்கரை ஊர்களில் பழைய வயரிங் உள்ள வீட்டில் வசிப்பவர்கள், ஒரே அறையில் மட்டும் விளக்கு சிமிட்டினாலோ, காரணமின்றி ஏதேனும் அணைந்தாலோ, இந்த இஸ்திரிப்பெட்டிக் கணக்கைத் தகுதியான எலக்ட்ரீசியனை வைத்து ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் அன்றே எல்லாப் பெட்டிகளையும் திறக்கச் சொன்னோம். இன்னும் இரண்டு இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. வேலை முடிய மாலையாயிற்று. அதுவரை அம்மா கட்டிலைக் கூடத்தில் போட்டுப் படுத்திருந்தார். இரவல் மின்வழங்கியைச் சிதம்பரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பழையதுதான் இன்றும் ஓடுகிறது.