வாரம் ஓர் இரவு

பட்டாளத்து வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்ட மாமா, காரமடைக்குத் திரும்பியபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க ராத்திரியில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும். எல்லாம் நான்தான்.

படைவீரரின் இயலாமை ஓய்வூதியத்தில் இரண்டு பகுதி: செய்த பணிக்கு ஒன்று, உடல் இழந்ததற்கு ஒன்று. நூறு சதவீத இயலாமை, எந்நேரமும் ஆள் வேண்டும் என்று மருத்துவக் குழு சொன்னால் உதவியாளர் படியும் உண்டு. 2017இல் அது மாதம் 4,500 ரூபாயிலிருந்து 6,750 ஆனது. நாளுக்கு 225. கறிவேப்பிலைக் காட்டு வேலைக்குப் போனால் பொழுதிறங்க வீடு திரும்பலாம். இந்த வேலைக்குப் பொழுது இறங்குவதே இல்லை.

பணம் மாமாவின் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும். அவர் காலத்துக்குப் பிறகு எனக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். அது மனைவி என்பதற்கு, பார்த்துக்கொண்டதற்கு அல்ல.

ஒருநாள் சொன்னேன்: “அந்தப் படியில வாரம் ஒரு ராத்திரிக்கு ஆள் வெக்கலாமுங்க.”

மாமா பேசவில்லை. அத்தைதான் கேட்டார், “பொண்டாட்டி இருக்கறப்ப ஆளு எதுக்கு அம்மிணி?”

“பட்டாளத்துல வருசத்துக்கு 60 நாள் லீவு குடுத்தாங்களேங்க அத்தை. எனக்கு?”

மாமா என்னைப் பார்த்தார். “வெச்சுக்கலாம்,” என்றார்.

இப்போது சனிக்கிழமை ராத்திரிகளில் பக்கத்துத் தெரு அக்கா வருகிறார். அவருக்குக் கூலி உண்டு. நான் விடியும்வரை தூங்குகிறேன்.