யூனிட்டுக்கும் டன்னுக்கும் நடுவில் ஒரு டிரைவர்

கொள்ளிடத்தில் மணல் குவாரிகள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் நெ.1 டோல்கேட், திருவானைக்கோவில் பக்கம் டூ வீலர் ஓட்டியவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. முன்னால் போகிற மணல் லாரியின் பின்கதவு இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். சட்டையில் தெறித்ததும் டிரைவரைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு, அந்த எடைக்கு அபராதமும் உண்டு என்பது திட்டியவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

மேட்டர் இதுதான். மணல் விற்பது யூனிட் கணக்கில். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. சட்டம் பேசுவதோ டன் கணக்கில். காய்ந்த மணல் ஒரு யூனிட் சுமார் நாலரை டன் வரும். ஆற்றில் அள்ளிய ஈரத்தோடு ஏற்றினால் ஐந்தைத் தாண்டிவிடும். ஆறு சக்கர லாரிக்கு 2018 வரை மொத்த எடை வரம்பு 16.2 டன். வெறும் லாரியே ஆறு, ஆறரை டன் இருக்கும். மிச்சம் எவ்வளவு? பத்து டன்னுக்குப் பக்கம். காய்ந்த மணல் இரண்டு யூனிட் என்றால் தப்பித்தார். அதே இரண்டு யூனிட் ஈர மணல் என்றால், கையில் இருக்கிற ரசீது சரியாக இருக்கும், எடைமேடைச் சீட்டு மாட்டிவிடும்.

மொத்த எடையோடும் விடுவதில்லை. ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனி வரம்பு. நாலு டயர் போட்ட பின் ஆக்சிலுக்கு அப்போது 10.2 டன். பொக்லைன்காரர் அவசரத்தில் சரக்கைப் பின்பக்கமாகக் குவித்துவிட்டால், மொத்தம் சரியாக இருந்தும் பின் ஆக்சில் தாண்டிவிடும். ஸ்டியரிங் லேசாகிவிடும் என்பது டிரைவருக்கு மட்டும் தெரிகிற தனிச் சங்கதி.

ஆக்சிலை ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறார்கள்? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஓட்டாவா என்ற ஊர்ப் பக்கம், சோதனைக்கென்றே ரோடு போட்டு லோடு லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ரோட்டுக்கு ஆகிற சேதம் ஆக்சில் எடையின் நான்காவது அடுக்கில் ஏறுகிறது என்று தெரிந்தது. கணக்கு பிடிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஆக்சிலில் 20 சதவீதம் அதிகம் வைத்தால் சேதம் இரண்டு மடங்கு. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு! திருவெறும்பூர் பெல் கம்பெனியில் இருந்து ராட்சத பாய்லர் பாகம் போகும்போது ட்ரெய்லருக்கு அடியில் வரிசை வரிசையாகச் சக்கரங்கள் இருப்பது இதனால்தான். பார்க்கத்தான் பயமாக இருக்கும், பாரம் அத்தனை ஆக்சிலுக்கும் பிரிந்துவிடும்.

பாலத்துக்கு ரோட்டை விடக் கஷ்டம். சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைக்கிற காவிரிப் பாலம் 1976-ல் திறந்தது. தேய்ந்துபோன இணைப்புகளையும் பேரிங்குகளையும் மாற்ற 2022 செப்டம்பரில் வேலை ஆரம்பித்து, 2023 மார்ச்சில்தான் பழையபடி திறந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அந்த மாதங்களைச் சீக்கிரம் மறக்க மாட்டார்கள். பாவம், பாலம் எத்தனை லாரியைத்தான் தாங்கும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஏற்றுகிறார்கள்? காமர்ஸ் படிப்பவர்களுக்கு மார்ஜினல் காஸ்ட் என்று ஒரு பாடம் உண்டு. லாரித் தவணை, இன்சூரன்ஸ், பர்மிட், டிரைவர் படி எல்லாம் இரண்டு யூனிட்டுக்கும் அதேதான், இரண்டரைக்கும் அதேதான். டீசல் கொஞ்சம் கூடும். ஆக, கடைசி அரை யூனிட் கிட்டத்தட்ட முழு லாபம். பழைய அபராதம் 2,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 1,000. மூன்று டன் கூட இருந்தால் 5,000. என்றைக்காவது ஒருநாள் மாட்டினால் அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டியதுதான் :) அபராதத்தை வாங்கிக்கொண்டு லோடோடு போக விடக்கூடாது, அதிகப்படியை இறக்கியே ஆகவேண்டும் என்று 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 ஜூலையில் மத்திய அரசு வரம்பையே ஏற்றியது. ஆறு சக்கரத்துக்கு 18.5 டன், பின் ஆக்சிலுக்கு 11.5. ஈர மணல் இரண்டு யூனிட்டுக்கு இடம் கிடைத்தது, கூடவே மூன்றாவது யூனிட்டுக்கு ஆசையும். 2019 செப்டம்பர் 1 முதல் அபராதம் 20,000, மேலே டன்னுக்கு 2,000. அதே மூன்று டன்னுக்கு இப்போது 26,000. எடை போட வண்டியை நிறுத்தாமல் போனால் 40,000.

சட்டத்தில் ஓட்டியவர், ஓட்டச் சொன்னவர், ஓட்ட விட்டவர் என்று மூவரும் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ரோட்டில் நிற்பவர் முதலாமவர் மட்டும்தான். "வேணாம்ணே, தாங்காது" என்று ஓனரிடம் சொல்லிப் பார்க்கலாம். "அப்ப சாவியைக் குடுத்துட்டுப் போப்பா" என்று பதில் வந்தால் அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது? பிரேக் பிடிக்காவிட்டால் ஓனர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அதிகப்படியை இறக்கு என்று எழுதுவது சுலபம். இறக்குவது டிரைவரும் கிளீனரும் ஒரு மண்வெட்டியும். இரண்டு டன் ஈர மணலை ஓரமாகத் தள்ளி முடிப்பதற்குள் கோயில் பக்கம் சுப்ரபாதம் ஆரம்பித்துவிடும். ரோட்டோரத்தில் அந்தக் குவியல் மதியம் வரை இருந்தால் ஆச்சரியம். வீடு கட்டுகிற யாராவது ஒருவர் பார்க்காமலா போய்விடுவார்?