ஐந்து லேயர்களும் ஒரு கண்மாயும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் மட்டும் போட்டுவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

1993-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கண்மாயின் வரைபடம் ஒன்று வரைந்தோம். கரை, மூன்று மடை, கலுங்கு, வரத்துக்கால், சுற்றியிருந்த கிணறுகள் எல்லாம் அதில் உண்டு. நாலு சார்ட்டை ஒட்டி வரைந்தது. பிறகு அது என் வீட்டுப் பரண் மேல் சுருட்டியே கிடந்தது. போன மாதம் ஊர் இளைஞர்கள் சிலர் வந்தார்கள். கண்மாயைத் தூர்வாரப் போகிறார்களாம். "வரத்துக்கால் எந்தப் பக்கமாக வந்ததுன்னு பெரியவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார். உங்க படம் இருந்தா குடுங்க" என்றார்கள்.

விரித்துப் பார்த்தால் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. மீதியிலும் கோடுகள் மங்கிவிட்டன. தரையில் போட்டு, நாற்காலி மேல் ஏறி, போனில் படம் எடுத்தேன். (வீட்டம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திட்டியது தனிக்கதை.) அந்தப் படத்தைக் கணினியில் ஜிம்ப் மென்பொருளில் திறந்து, மேலே தனித்தனி லேயர்களாக வரைய ஆரம்பித்தேன். கரை ஒரு லேயர், நீர்வழி ஒரு லேயர், கிணறுகள் ஒன்று, தெருக்கள் ஒன்று, பெயர்கள் ஒன்று. லேயர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வகுப்பில் டிரேசிங் பேப்பரில் ஆறுகளை ஒன்றிலும் மலைகளை ஒன்றிலும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுவேனே, அதேதான்.

பதினைந்து நாள் வேலை. முடிந்த பிறகுதான் உறைத்தது, போட்டோவே சாய்வாக இருக்கிறது. நான் நின்ற பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் விழுந்திருக்கிறது. சரி என்று பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து நாலு மூலையையும் இழுத்து நேராக்கினேன். போட்டோ நேரானது. ஆனால் நான் வரைந்த ஐந்து லேயர்களும் பழைய இடத்திலேயே நின்றன. கலுங்கு மாரியம்மன் கோயிலுக்குள் போய்விட்டது. வரத்துக்கால் பள்ளிக்கூடத்து ஓட்டின் மேல் ஏறி ஓடியது. போதாக்குறைக்குச் சேமித்து மூடியும் வைத்துவிட்டேன், பின்னால் போக வழியில்லை. நல்லவேளை, மூலப்படம் போனில் இருந்தது. அதை அப்படியே அடியில் போட்டதும் எல்லாம் தன் இடத்துக்கு வந்தன.

காகிதத்தில் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன். டிரேசிங் தாள்களை நகர்த்துவதற்கு முன்னால் நாலு மூலையிலும் குண்டூசி குத்துவோம். ஜிம்ப் 2.10-ல் அந்தக் குண்டூசி ஒரு சங்கிலிப் படம். லேயர் பட்டியலில் கண் படத்துக்குப் பக்கத்தில் சொடுக்கினால் வரும். சங்கிலி போட்ட லேயர்கள் எல்லாம் ஒன்றாக நகரும், ஒன்றாகச் சாயும். (2025-ல் வந்த 3.0-ல் சங்கிலியை எடுத்துவிட்டார்கள். பல லேயர்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும்.) அதன்படி செய்தேன். ஐந்தும் போட்டோவோடு சேர்ந்து நிமிர்ந்தன.

அதோடு முடியவில்லை. சுருட்டி வைத்த தாள் ஆயிற்றே, நடுவில் புடைத்து அலைபோல நின்றது. புடைப்பை எடுக்க வார்ப் என்ற கருவி வேண்டும். அது ஒரு நேரத்தில் ஒரு லேயரைத்தான் தொடும், சங்கிலிக்கு மசியாது. போட்டோவை நெளித்துவிட்டு, அதே மாதிரி கையால் அடுத்த லேயரையும் நெளிக்கப் பார்த்தேன். ஒரே கையெழுத்தை இரண்டு தரம் போட்டால்கூட ஒன்றுபோல வராது, இது எங்கே வரும்? மூன்று நாள் போனது.

கடைசியில் டவுனில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் போனேன். அந்த வரைபடத்தில் கிணறு எண்ணியவர்களில் அவரும் ஒருவர். ஜிம்ப் கோப்பை லேயர் குலையாமல் பிஎஸ்டி-யாக மாற்றிக் கொண்டுபோயிருந்தேன். "சார், முதல்லேயே கொண்டாந்திருக்கலாம்ல" என்றார். சாய்வை எடுப்பதற்கு முந்தைய கோப்பைக் கேட்டு வாங்கி, போட்டோஷாப்பில் திறந்தார். எல்லா லேயரையும் தேர்ந்தெடுத்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கினார். ஆறும் ஒரே உறைக்குள் போய்விட்டன. அதன்பிறகு சாய்வோ நெளிவோ எதைச் செய்தாலும் உறைக்குத்தான், உள்ளே இருப்பது அத்தனைக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும். உள்ளே மூலம் அப்படியே இருக்கிறது. எத்தனை முறை மாற்றினாலும் மூலத்திலிருந்தே கணக்குப் போடுவதால் கோடுகள் மேலும் மேலும் மங்குவதில்லை. என் முறையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கிக்கொண்டே வந்ததற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

ஒரு சங்கடம், ஊர்ப்பெயர்களும் சேர்ந்து நெளிந்துவிட்டன. 'நடுமடை' என்ற எழுத்துகள் திருவிழாக் கண்ணாடியில் பார்த்த மாதிரி நின்றன. உறையை இரட்டைச் சொடுக்கில் திறந்து, பெயர் லேயரை மட்டும் மறைத்துச் சேமித்தார். வெளியே நேரான எழுத்தில் பெயர்களைப் புதிதாக அடித்தோம். புள்ளி நெளிய வேண்டும், அதன் பெயர் நெளியக்கூடாது.

பிறகு செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பார்த்தோம். கோயில், பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் பக்கத்தில் வந்தன. கிழக்குக் கரை மட்டும் வரைபடத்தில் குட்டையாக இருந்தது. யோசித்ததில் நினைவு வந்தது. மற்றதெல்லாம் கயிறு போட்டு அளந்தது, கிழக்குக் கரையை மட்டும் நேரம் இல்லாமல் காலடியால் அளந்தோம். நடந்தவன் வகுப்பிலேயே நெட்டையன், எட்டு எட்டாக வைத்திருப்பான். "இதையும் இழுத்து விட்டுரவா சார்?" என்றார் மாணவர். வேண்டாம் என்றேன். போனின் சாய்வும் தாளின் புடைப்பும் எல்லாக் கோட்டையும் கெடுத்தவை, அதனால் திருத்தமும் எல்லாவற்றுக்கும் போக வேண்டும். நெட்டையனின் காலடி ஒரு கோட்டை மட்டும்தான் கெடுத்தது. அதற்காக உறையை இழுத்தால் கயிறு போட்டு அளந்த வரத்துக்காலும் இடம் மாறிவிடும். ஓரத்தில் "கிழக்குக் கரை காலடியால் அளந்தது" என்று சின்னதாக எழுதச் சொன்னேன்.

அச்சுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். டீயாவது நான் வாங்கித் தருகிறேன் என்றால் அதற்கும் சண்டை.

ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் அந்தப் படத்தோடு நடந்தார்கள். நானும் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வரத்துக்கால் கண்மாயில் சேரும் இடம் ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், சீமைக்கருவேலத்துக்கு நடுவே இருக்கிறது. இரண்டு பக்கமும் கல் வைத்துக் கட்டியது அப்படியே நிற்கிறது. கொட்டகைக்காரர் எங்களைக் கண்டதும் முகத்தைத் தூக்கிக்கொண்டார். அவரும் என்னிடம் படித்தவர்தான். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன்.