ஏற்றிய பாடம் யாருடையது?

எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தை நம் வயதுக்காரர்கள் பெரும்பாலும் பேரன் பேத்தி வாயால்தான் கேட்டிருப்போம். "எல்.எம்.எஸ்.ல நோட்ஸ் போட்டுட்டாங்க தாத்தா" என்பார்கள். லேர்னிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கம் அது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு கல்லூரியின் கரும்பலகை, நோட்டீஸ் போர்டு, வருகைப் பதிவேடு, மார்க் ரிஜிஸ்டர், நூலக அலமாரி எல்லாவற்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்ட ஏற்பாடு. ஆசிரியர் பாடத்தை ஏற்றுவார். பிள்ளைகள் எங்கிருந்தாலும் திறந்து படிப்பார்கள், கட்டுரையை அதிலேயே சமர்ப்பிப்பார்கள், தேர்வும் எழுதுவார்கள்.

உலகம் முழுவதும் கல்லூரிகள் அதிகம் பயன்படுத்துவனவற்றில் ஒன்று மூடுல். 2002ல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டவர் ஆஸ்திரேலியாக்காரரான மார்ட்டின் டூகியமாஸ். அவர் சிறுவனாக வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. ரேடியோ வழியாக ஆசிரியர் பேசுவார், பாடப் பொட்டலம் விமானத்தில் வரும். அப்படிப் படித்த பிள்ளை பெரியவனாகி, தூரத்தில் இருப்பவர்களும் படிக்க ஒரு கருவியைச் செய்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று உரிமையையும் திறந்து விட்டார். அந்தக் கருவியில் ஏற்றப்படும் பாடத்தின் உரிமையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத நினைக்கிறேன்.

தூரத்துப் படிப்பு நமக்குப் புதிதில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த பாடங்களைப் படித்தே பட்டம் வாங்கியவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பியது. 2017ல் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தை மத்திய அரசு தொடங்கியது. ஆனால் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவர் தலையிலும் இந்த வேலை வந்து விழுந்தது 2020 மார்ச்சில்தான். ஊரடங்கு அறிவித்த சில நாட்களிலேயே வகுப்பறை செல்போனுக்குள் போய்விட்டது. அந்த ஏப்ரலில் வந்த மானியக் குழு வழிகாட்டுதல், பாடத்திட்டத்தில் 25 சதவீதத்தை இணையவழியில் நடத்தப் பல்கலைக்கழகங்கள் தயாராக வேண்டும் என்றது. ஸ்வயம் பாடங்களுக்கான 2016ஆம் ஆண்டு விதி, ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை அதில் படிக்க இடம் கொடுத்தது. 2021ல் அது 40 சதவீதம் ஆனது.

நம் பள்ளத்தாக்கில் இதன் நன்மையை மறுக்க முடியாது. 1956ல் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் உத்தமபாளையத்தில் கல்லூரி வந்தபோது, சுற்றுப்பட்டுப் பிள்ளைகளுக்கு மதுரைக்குப் போகாமலே பட்டம் படிக்க வழி பிறந்தது. கோம்பை, தேவாரம், சின்னமனூர், கூடலூர், மேகமலை எஸ்டேட் என்று பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரும் இடம் இது. அதில் பாதிப் பேர் விடுமுறையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். ஏலக்காய்ச் சீசனில் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பும் பிள்ளைக்கு, தவறவிட்ட பாடத்தை இரவு ஒன்பது மணிக்குத் திறந்து கேட்க முடிவது எவ்வளவு பெரிய உதவி. மலையில் சிக்னல் கிடைக்காது என்பது வேறு விஷயம். கீழே இறங்கிய பிறகாவது பாடம் அங்கேயே காத்திருக்கிறதே.

ஆக, கருவியின் மேல் எனக்குக் குறை இல்லை. அதற்கு எழுதப்படும் விதிகளின் மேல்தான்.

சமீபத்தில் இரண்டு மூன்று கல்லூரிச் சுற்றறிக்கைகளை வாசித்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒவ்வொரு யூனிட்டுக்கும் இத்தனை பக்கக் குறிப்பு, இத்தனை வீடியோ, இத்தனை வினா, இந்தத் தேதிக்குள். தவறினால் துறைத் தலைவர் விளக்கம் கேட்பார். இந்த அவசரத்துக்குக் காரணமும் உண்டு. நாக் மதிப்பீட்டில் எத்தனை ஆசிரியர்கள் எல்.எம்.எஸ். பயன்படுத்துகிறார்கள், எத்தனை பேர் மின்பாடம் தயாரித்தார்கள் என்ற கேள்விகள் வந்தன. கேட்டால் எண் கொடுக்க வேண்டும் அல்லவா? அதனால் எண்ணக்கூடியதெல்லாம் விதிக்குள் வந்துவிட்டது. ஏற்றிய பாடத்துக்கு உரிமை யாருக்கு, ஆசிரியர் விலகினால் அது என்னவாகும் என்பதற்கு மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: ஏற்றப்படும் அனைத்தும் நிறுவனத்தின் சொத்து.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை என் பழைய மாணவி ஒருத்தி மூலம் தெரிந்துகொண்டேன். வணிகவியல் படித்தவள். வெளி மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் விரிவுரையாளராக இருந்தாள். வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தை ஐந்து யூனிட்டுக்கும் வீடியோவாக எடுத்து ஏற்றச் சொன்னார்கள். பிள்ளை தூங்கிய பிறகு சமையலறைச் சுவரில் செல்போனைச் சாய்த்து வைத்து இரவிரவாக எடுத்திருக்கிறாள். சமநிலைப் புள்ளி கணக்குக்கு நம் ஊர்த் திராட்சைத் தோட்டத்தையே உதாரணம் ஆக்கினாளாம். பந்தல் போட்ட கல் காலும் கம்பியும் நிலையான செலவு. மருந்தும் உரமும் ஆள் கூலியும் மாறும் செலவு. கிலோ என்ன விலைக்குப் போனால் சம்சாரிக்குக் கையைக் கடிக்காது என்பதுதான் கணக்கு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அவளுடைய அப்பா தோட்டத்தில் அவள் பார்த்த கணக்கு.

அடுத்த கல்வியாண்டில் அவளுக்கு வேலை புதுப்பிக்கவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைவு என்றார்களாம். அது அவர்கள் உரிமை. ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை.

"சார், நான் இப்ப அங்க வேலை பார்க்கல. போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணி, 'மேடம், மூணாவது யூனிட் வீடியோல நீங்க போட்ட திராட்சைக் கணக்குல ஒரு ஸ்டெப் புரியல'ன்னு கேக்குது."

"உன் நம்பர் எப்படிம்மா கிடைச்சது?"

"வீடியோ ஆரம்பத்துல இருந்த என் பேரை வெட்டிட்டாங்க சார். கடைசியில சந்தேகம் கேக்கக் குடுத்திருந்த நம்பரை வெட்ட மறந்துட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லிக் குடுத்தேன் சார். புள்ளைக்கு என்ன தெரியும், பாவம்."

சம்பளம் இல்லை, பெயர் இல்லை; பாடம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழக்க தோஷத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை, வாசித்ததைச் சொல்கிறேன்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் தம் பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர்தான் என்கிறது. ஆகவே நிர்வாகம் சொல்வது முழுக்கத் தவறும் இல்லை. மணிக்கணக்குச் சம்பளத்தில் இருப்பவர் உண்மையில் 'பணியாளர்'தானா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய கேள்வி. ஆனால் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையையே விற்றுவிட்ட பிறகும் 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடம் நிற்கும் என்கிறது.

இன்னும் சுவையான இடம் ஒன்று உண்டு. 1994ல் செய்த திருத்தத்தில் நிகழ்த்துகிறவர் உரிமை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நிகழ்த்துகிறவர் யார் என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் கொடுக்கிறது. நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, பந்து வீசி வித்தை காட்டுபவர், மந்திர வித்தைக்காரர், பாம்பாட்டி, அதற்கு அடுத்தபடியாக விரிவுரை ஆற்றுபவர்! நான் வாய்விட்டுச் சிரித்தேன். முப்பது வருடம் பின் பெஞ்சுக்காரர்களை அடக்கியவனுக்குப் பாம்பாட்டிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தது பொருத்தம்தான். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் இடம் பெற்றதால், வகுப்பில் பேசியதைப் பதிவு செய்வதற்குப் பேசியவரிடமும் உரிமை இருக்கிறது. 2012 திருத்தம், பொதுவாக, அவரது பெயர் அடையாளம் காட்டப்பட வேண்டும், அவர் பேசியதைச் சிதைத்து அவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்ற உரிமைகளையும் தந்தது. எழுத்து மூலம் சம்மதம் கொடுத்துவிட்டால், வேறு ஏற்பாடு எழுதியிராத வரை, படம் எடுத்தவர் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. அதனால்தான் அந்த ஒரு வரிக்குக் கீழே போடும் கையெழுத்துக்கு அத்தனை கனம்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. 2021 ஜனவரியில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் நடந்தது செய்தித்தாள்களில் வந்தது. கலை வரலாறு படித்த மாணவர் ஒருவருக்குத் தம் இணையவழி வகுப்பின் பேராசிரியரை மிகவும் பிடித்துப்போனது. அவருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று பெயரைத் தேடினார். ஃபிரான்ஸ்வா மார்க் கான்யோன் என்ற அந்தப் பேராசிரியர் 2019லேயே காலமாகியிருந்தார். பாடத்தைக் கவனிக்கவும் தாள் திருத்தவும் வேறு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் பேசிக்கொண்டிருந்தது இறந்தவர். நல்ல ஆசிரியரின் குரல் அவருக்குப் பிறகும் கேட்பது ஒரு பாக்கியம்தான். அது யார் சம்மதத்தின் பேரில், எத்தனை காலத்துக்கு, கேட்பவருக்கு விஷயம் தெரிந்தா தெரியாமலா என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தால் அந்த மாணவர் அப்படித் திடுக்கிட நேர்ந்திருக்காது.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பருவத்தின் நடுவில் ஒரு ஆசிரியர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், அவர் ஏற்றிய பாடத்தையும் அழித்துவிட்டுப் போனால், பிள்ளைகள் கதி என்ன? அந்தப் பருவம் முடியும் வரை பாடம் அங்கே இருக்கத்தான் வேண்டும். கல்லூரி கொடுத்த கேமரா, கல்லூரி வாங்கிய சர்வர், கல்லூரி கொடுத்த சம்பளம் என்று அவர்களும் கணக்குச் சொல்லலாம். நானும் ஒரு காலத்தில் அஞ்சல்வழிக் கல்விக்குப் பாடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாடத்துக்கு இவ்வளவு என்று தொகை பேசினார்கள், உரிமை அவர்களுக்கு என்று எழுதி வாங்கினார்கள். வருத்தமே இல்லை. பேசித் தீர்த்த கணக்கு அது. இப்போது வீடியோ எடுப்பது தினசரி வேலையோடு சேர்த்துக் கட்டி விடப்படுவதுதான் வித்தியாசம்.

நிர்வாகமும் ஆசிரியரும் உட்கார்ந்து பேசினால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விஷயங்கள்தான் இவை:

ஒன்று, ஏற்றிய பாடத்தில் தயாரித்தவர் பெயர் எப்போதும் இருக்க வேண்டும். அவர் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இரண்டு, ஆசிரியர் விலகினால் நடப்புப் பருவம் முடியும் வரை பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டுமானால் கேட்டு, ஒரு தொகை பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்று, தாம் தயாரித்ததன் பிரதி ஒன்றை ஆசிரியர் எடுத்துக்கொண்டு போகலாம். கணக்கை முடக்கும் முன் அதற்கு அவகாசம் தர வேண்டும்.

நான்கு, பதிவு செய்த வீடியோவைக் காட்டி ஆசிரியரின் வகுப்பு நேரத்தைக் குறைக்கக் கூடாது.

ஐந்து, பிள்ளைகளின் மதிப்பெண், முகம், வீட்டுச் சூழல் தெரியும் பதிவுகள் வெளியே போகக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே 2023ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது.

ஸ்வயம் தளத்தைத் திறந்து பாருங்கள். எந்தப் பாடமாக இருந்தாலும் நடத்துகிற பேராசிரியர் பெயரும் அவர் நிறுவனமும் முன்னாலேயே இருக்கும். ஐ.ஐ.டி. பேராசிரியருக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, சமையலறையில் இரவிரவாகப் பாடம் எடுத்த சுயநிதிப் பிரிவு ஆசிரியைக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நம் காலத்தில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மையைக் கையில் அப்பிக்கொண்டு குறிப்பு அடித்துக் கொடுத்தோம். அது சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் போகும், பக்கத்துக் கல்லூரிக்குப் போகும். எந்த விதியும் இல்லை, யாரும் நம்மிடம் கேட்டதும் இல்லை. ஆனால் பத்துக் கை மாறிய பிறகும் பிள்ளைகள் அதை 'இன்ன சார் நோட்ஸ்' என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் மகளோ மருமகளோ, தம்பி மகனோ கல்லூரியில் பாடம் எடுப்பவராக இருந்தால், இந்த வருடச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்தை ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் கேட்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பழக்கத்தைத்தானே நாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம்.